பாட்டுப் பொம்மை பிள்ளையின் வயதுக்குப் பொருந்துமா? வாங்கும் முன் இப்படிப் பாருங்கள்

போன வருஷம் காரைக்குடியில் மாசி-பங்குனித் திருவிழாக் கடையில் ஆயா (பாட்டி) ஆசை ஆசையாக ஒரு குட்டி பியானோ வாங்கி வந்தார்கள். மகளுக்கு அப்போது பத்து மாதம். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) பாயை விரித்து உட்காரவைத்துக் கொடுத்தோம். அவள் கட்டையை அழுத்தவே இல்லை, சத்தம் வரும் ஓட்டைகள் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள், அப்புறம் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைக் கடித்தாள். மூடி கழன்று, சட்டைப் பொத்தான் அளவில் மூன்று பேட்டரி பாயில் உருண்டன. மூன்றும் இருக்கிறதா என்று எண்ணி எடுக்கும்வரை எனக்கு மூச்சே வரவில்லை.

அதற்கப்புறம் எந்தப் பாட்டுப் பொம்மை வந்தாலும் இந்த வரிசையில் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

முதலில் பெட்டி. 0-3 என்று எழுதி, குழந்தை முகத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தால் மூன்று வயதுக்குள் கொடுக்கக் கூடாது. "எங்க பிள்ளை கெட்டிக்காரன், இப்பவே வாசிப்பான்" என்று நினைக்காதீர்கள், அந்த எண் தொண்டையில் எது அடைக்கும் என்பதைப் பார்த்துப் போட்டது. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் மின்சாரப் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

இரண்டாவது பேட்டரி மூடி. மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். திருகாணி போட்ட மூடியாக இருக்க வேண்டும். நகத்தாலோ காசாலோ நெம்பினால் திறக்கிறதென்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் ஈரம் பட்டு மின்சாரம் ஓடி, தொட்ட இடத்தில் அரிக்கும் காரப்பொருள் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையைப் பொசுக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரி என்றாலும் இதேதான். பிள்ளைக்குச் சில நேரம் எச்சில் வடிவதும் இருமலும் தவிர வெளியே ஒன்றும் தெரியாது. விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல், காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல், எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அடுத்தது சின்னத் துண்டுகள். கட்டை, திருகும் குமிழ், ஒட்டிய கண், மைக் முனை எல்லாவற்றையும் நன்றாகவே பிடித்து இழுத்துப் பாருங்கள். மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு குழல் உண்டு, அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு தொண்டையை அடைக்கும் என்று கணக்கு. அந்தக் குழலின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். ஆகவே அந்த நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு கழன்றாலும் ஆபத்துதான்.

அப்புறம் சத்தம். திருவிழா இரைச்சலில் மெதுவாகக் கேட்டது, ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் வைத்தால் நாலு பக்கமும் மோதிக் கணகணவென்று வரும். நீங்கள் நின்றுகொண்டு கேட்காதீர்கள், பிள்ளையின் காது இருக்கும் இடத்தில் உங்கள் காதை வையுங்கள். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும், என் மகளோ கன்னத்தையே வைத்தாள். பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டால் தோராயமாகத் தெரியும். சத்தத்தைக் குறைக்கும் சுவிட்ச் இல்லாத பொம்மை எனக்கு வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஓட்டைகள் மேல் பேக்கிங் டேப் ஒட்டினால் ஓரளவு அடங்கும், ஆனால் வாயில் வைக்கும் வயதில் டேப்பையும் உரித்துத் தின்றுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத்தான் விளையாட்டு. ஆறேழு மாதத்தில் கிலுகிலுப்பை போதும், பேட்டரியே வேண்டாம். ஒரு வயதை ஒட்டி ஒற்றை விரலால் குத்தத் தொடங்கும்போது, அழுத்தினால் ஒரு சத்தம் வரும் பெரிய பொத்தான் சரி. ஒருமுறை தொட்டதும் முழுப் பாட்டும் தானாக ஓடும் பொம்மையில் பிள்ளைக்கு வேலையே இல்லை, அதைவிட எவர்சில்வர் தட்டும் கரண்டியும் மேல். மைக் பிடித்துப் பாடுவது மூன்று வயதுக்கு மேல், கட்டை கட்டையாகத் தேடி வாசிப்பது நாலைந்து வயதில்.

அந்தப் பியானோ பேட்டரி இல்லாமல் பெட்டகத்தில் இருக்கிறது. இந்த வருஷம் ஆயா திருவிழாவுக்குக் கிளம்பும்போது பையில் ஒரு திருப்புளி போட்டுக் கொடுத்திருக்கிறேன், மூடியைக் கடையிலேயே பார்த்துவிட்டு வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.