முதல் நாவலில் இருநூறு ஆண்டுகளை அடைக்க வேண்டாம்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் முதல் நாவலை எழுதத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் சிலர் தமது கையெழுத்துப் பிரதிகளை என்னிடம் வாசிக்கத் தருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள். மற்றவர்கள் கொழும்பில் வேலை பார்ப்பவர்கள். எனது முதல் நாவலைக் கெடுத்த பழக்கங்களை அவர்களிடமும் காண்கிறேன் என்பதே இக்கட்டுரைக்குக் காரணம். எழுத்துப்பிழை, சந்திப்பிழை, மிகையான வருணனை ஆகியவற்றை நல்ல வாசகர் ஒருவர் திருத்திவிடுவார் என்பதால் அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

மழையை இடம் மாற்றுதல்

மேற்குச் சரிவிலுள்ள ஹட்டன், மஸ்கெலியாப் பக்கங்களில் தென்மேல் பருவக்காற்று மழையைக் கொட்டும் மாதங்களில், பதுளை, பண்டாரவளைப் பக்கங்களில் உலர்ந்த காற்று வீசும். அந்த ஊர்கள் அடங்கிய ஊவா மாகாணத்துக்குப் பெருமழை ஆண்டின் கடைசி மாதங்களில்தான் வரும். இதைக் கவனியாமல், ஜூலை மாதத்தில் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கதாநாயகியை விடாமழையில் நனையவிட்ட அத்தியாயம் ஒன்றை அண்மையில் வாசித்தேன். மழை மாறினால் பறிக்கும் தேயிலைக் கொழுந்தின் அளவு மாறும். கொழுந்து மாறினால் அந்த மாதத்துச் சம்பளமும் கடைக்கடனும் மாறும். ஆகவே இந்தப் பிழை வருணனையோடு நின்றுவிடுவதில்லை, கதையையே பொய்யாக்குகிறது.

இருநூறு ஆண்டுகளையும் ஒரே நூலில் எழுத முயலுதல்

தோட்ட மக்களின் இருநூறு ஆண்டு வரலாறு முழுவதையும் ஒரே நாவலில் அடைப்பதுதான் என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு. அப்படிப்பட்ட பிரதிகளின் அமைப்பு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பஞ்சம், தோட்டத்துக்கு ஆள்கட்டும் கங்காணி வருகிறார், மாத்தளை வரையிலான நடையில் கொலராவில் பாதிப்பேர் மடிகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை நடுகிறார். 1869 இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வருகிறது. பிறகு 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 இன் ஒப்பந்தம், 1974 இன் பஞ்சம், 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கப்படுகிறது. பாத்திரங்கள் அந்தந்த ஆண்டில் அடிபடுவதற்காகவே பிறந்து, அடுத்த ஆண்டுக்கு இடம் விட்டுச் சாகிறார்கள்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தம்பி ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து அப்படியொரு நாவலை எழுதி வந்தார். 1977 ஐ எட்டும்போது அதில் நான்கு தலைமுறை மாண்டிருந்தது, ஒருவர் முகமும் மனதில் நிற்கவில்லை. பிரதியை மூடிவைத்துவிட்டு அவருடைய வீட்டைப் பற்றிக் கேட்டேன். அவருடைய தாயார் ஒருநாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு அறையில்) விட்டுவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போயிருக்கிறார். அதற்காக அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம்தான் என்று முடிவாகிவிட்டது. அன்று மாலை கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில், ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று வழக்கம்போல எடையைக் கழித்தபோது, அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசாத அந்தப் பெண் தராசைப் பிடித்துக்கொண்டு, மறுபடி நிறுக்கும்வரை கையை எடுக்கவில்லையாம். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அது எங்க வீட்டு விசயந்தானே சேர், சின்னது” என்றார். அந்தத் தாயார் தராசில் கை வைத்த இடத்தில் ஒரு முழு நாவல் இருந்தது. கங்காணி முறையும் கூலிக்கணக்கும் பெண்ணின் உழைப்பும் அந்த ஒரு நாளுக்குள் இருந்தன. தம்பி கேட்கவில்லை, கடன் வாங்கிப் பழைய பிரதியையே அச்சிட்டார். விற்காத கட்டுகள் வீட்டில் கிடப்பதைவிட, அதன் பிறகு அவர் எழுதவேயில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இத்தவறு சோம்பலால் வருவதன்று, கடமையுணர்வால் வருகிறது. நம் மக்களின் கதை போதிய அளவு எழுதப்படவில்லை, ஆகவே அனைத்தையும் நானே சொல்லிவிட வேண்டும் என்ற நல்ல எண்ணமே அதன் வேர். வெளியீட்டு விழா மேடைகளில் ஒரு நாவலை ‘சிறந்த வரலாற்று ஆவணம்’ என்று புகழும் வழக்கம் அந்த எண்ணத்துக்கு உரமிடுகிறது. அப்படிப் பேசுபவர்களில் பலர் நாவலை முழுமையாக வாசிக்காதவர்கள். அந்தப் புகழை நம்பி இரண்டாவது நாவலையும் அவ்வாறே திட்டமிடாதீர்கள்.

வரலாற்றை விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பிரஜாவுரிமையற்றிருந்த இந்திய வம்சாவளியினர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பற்றியது. அவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாகி, மிகுதி ஒன்றரை இலட்சம் பேர் 1974 வரை முடிவின்றி விடப்பட்டார்கள். கைச்சாத்தான மறுமாதமே தலைமன்னாருக்கு ரயிலேறும் குடும்பங்களைப் பல பிரதிகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டமே 1967 இல்தான் வந்தது. புறப்பாடுகள் எண்பதுகளின் தொடக்கம்வரை நீண்டன. நாவலாசிரியருக்கு வேண்டியது அந்தக் காத்திருப்புத்தான். இந்தியாவுக்கு விண்ணப்பித்த அண்ணனும் இலங்கைக்கு விண்ணப்பித்த தம்பியும் ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், அடுத்தடுத்த காம்பராக்களில் (அறைகளில்) ஆண்டுக்கணக்கில் இருந்தால், அண்ணன் மரக்கறிப் பாத்தியைத் தொடர்ந்து கொத்துவாரா, மாட்டை யாருக்கு விற்பார், தாய் எந்த மகனோடு போவாள், பெண்ணுக்கு எந்த நாட்டு மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள் என்ற கேள்விகளுக்கு விடை தேடுங்கள். எண்கள் உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும். ஒரு தோட்டம், ஒரு லயம், கூடினால் மூன்று ஆண்டு காலம் என்பது முதல் நாவலுக்குப் போதுமான பரப்பு.

துரையைத் தவறான காலத்தில் வைத்தல்

தோட்டங்கள் 1972 க்கும் 1975 க்கும் இடையில் அரசுடைமையாயின. அதற்குப் பிந்திய கதையில், தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரையை உலாவ விடாதீர்கள்.

பிறர் ஊர்ப்பேச்சை இரவல் வாங்குதல்

தமிழக நாவல்களை விரும்பி வாசிப்பது நல்லது. ஒரு காட்சியை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை அவற்றிலிருந்து கற்கலாம். ஆனால் அவற்றைத் தொடர்ந்து வாசித்தவருடைய தலவாக்கலைக் கிழவி, இரண்டாம் அத்தியாயத்திலேயே கோவில்பட்டிக்காரியாகப் பேசத் தொடங்கிவிடுகிறாள். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான சி.வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் பாடல்களைக் கேட்டுத் திரட்டிப் பதிவுசெய்தார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அவரைப் போலக் காதால் சேர்ப்பதை நம்மில் பலர் நிறுத்திவிட்டோம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், கோவில் திருவிழாவில், மரண வீட்டில் பேச்சைக் கேளுங்கள்; கேட்ட வாக்கியத்தை அன்றிரவே எழுதிவையுங்கள்.

அமைதியான அறைக்காகக் காத்திருத்தல்

லயத்தில் அது கிடைக்காது. பெரட்டுக்கு முந்திய வேளையில் எழுதுங்கள்.

பரிசுக்கான இறுதித் திகதிக்குள் முடித்தல்

வேண்டாம்.

அச்சகத்துக்கு விரைதல்

நம் நாட்டில் பெரும்பாலும் எழுத்தாளரே அச்சுச் செலவை ஏற்கிறார். எனவே முற்பணம் கொடுப்பதற்கு முன்பு, கொழுந்து பறித்த அனுபவமுள்ள ஒருவருக்கு இரண்டு அத்தியாயங்களை உரக்க வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பதற்கு முன் கதையைச் சுருக்கிச் சொல்லாதீர்கள். வாசிக்கும்போது இடையில் விளக்கம் கூறாதீர்கள். “அப்படி நடக்காதே” என்று அவர் மறிக்கும் இடத்தையும், அவருடைய கவனம் அடுப்பங்கரைக்குத் திரும்பும் இடத்தையும் பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரு வகை இடங்களையும் திருத்தி, வேறொருவருக்கு மறுபடி வாசித்த பின்னரே அச்சுச் செலவை விசாரிக்கப் போங்கள்.