வாடகை வீட்டில் ஹனுக்கா: முதன்முறை விளக்கேற்றுபவர்களுக்கு

வேலைக்காக சிங்கப்பூர் வந்த யூதக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டி காலத்து வெள்ளி விளக்கு ஊரிலேயே தங்கிவிடும். கவலைப்படாதீர்கள். ஹனுக்கா எனும் இந்த எட்டு நாள் யூதப் பண்டிகைக்கு முக்கியம் சுடர்தான். என் கணவர் யூதர். எங்கள் வாடகை வீட்டில் தேக்கா (லிட்டில் இந்தியா) கடைப் பொருட்களை வைத்தே பண்டிகை முறையாக நடக்கிறது.

கி.மு. 164-இல் மக்கபேயர் எனும் யூதப் போராளிகள் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மை செய்ததன் நினைவு இது. ஒரு நாளைக்கே போதுமாயிருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது மரபு. 2026-இல் டிசம்பர் 4 மாலை தொடங்குகிறது.

1. விளக்கு

எட்டுச் சுடர், கூடவே 'ஷமாஷ்' எனும் துணைச்சுடர் ஒன்று. எட்டும் ஒரே உயரத்தில், நேர்வரிசையில், இடைவெளி விட்டு நிற்க வேண்டும். ஷமாஷ் மட்டும் தனித்துத் தெரிய வேண்டும். கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர் மேல் வைத்தால் போதும். முதல் இரவு ஒரு சுடர், பிறகு தினமும் ஒன்று கூடும், ஷமாஷ் தினமும் உண்டு. எட்டு இரவுக்கும் சேர்த்து 44 சுடர், அதற்கேற்ப வாங்குங்கள்.

தேக்காவில் மண் அகல் மலிவுதான். ஆனால் ஓர் இரவு எரிந்து கறுத்த மண் அகலை மறுநாள் ஏற்றுவது முறையல்ல, புதிது வேண்டும் என்கிறது யூதச் சட்டம். அதனால் பித்தளை அகலோ சிறு கண்ணாடிக் கிண்ணமோ நல்லது. ஆலிவ் எண்ணெய் சிறப்பு. சுடர் நின்று எரியும் எந்த எண்ணெயும் ஆகும்.

2. இடம்

வீதியில் போகிறவர் பார்க்கும்படி சன்னலில் வைப்பது வழக்கம். உயர்மாடியில் இருந்தால் கீழே யாருக்கும் தெரியாது. அப்போது வாசல் கதவுக்கு உட்புறம், மெசூசா (வேத வசனச் சுருள் அடங்கிய சிறு பேழை) பதித்த நிலைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். பொது நடைவழியில் வேண்டாம். அடியில் அகலமான தட்டு, மேலே திரைச்சீலை இல்லாத இடம்.

3. ஏற்றும் வரிசை

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நீங்கள் விளக்கைப் பார்த்து நிற்கும்போது, முதல் இரவின் சுடர் வலது ஓரம். மறுநாள் அதற்கு இடப்பக்கம் இன்னொன்று. அடுக்குவது வலமிருந்து இடம். ஏற்றுவதோ புதிதாகச் சேர்ந்த இடது சுடரில் தொடங்கி வலப்பக்கமாக. ஷமாஷை முதலில் ஏற்றி, கையில் பிடித்து, இறைவனைப் போற்றும் வாழ்த்துரைகளைச் சொல்லிவிட்டு மற்றவற்றை ஏற்றுவது அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்) வழக்கம். முதல் இரவு மூன்று வாழ்த்துரை, பிறகு இரண்டு.

அந்த வெளிச்சத்தில் படிப்பது, வேலை செய்வது கூடாது. கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அன்றைய நாளின் மிக நல்ல அரை மணி நேரம் அதுதான்.

4. வெள்ளிக்கிழமை

இருட்டிய பின் குறைந்தது அரை மணி நேரம் எரிய வேண்டும் என்பது விதி. வெள்ளி மாலை சப்பாத், அதாவது தீ மூட்டக்கூடாத வார ஓய்வுநாள், தொடங்கிவிடும். அதனால் வெள்ளியன்று சப்பாத் விளக்குக்கு முன்பே, சூரியன் மறையுமுன், ஹனுக்கா விளக்கை ஏற்றிவிட வேண்டும். சிங்கப்பூரில் டிசம்பர் முதல் வாரம் சூரியன் ஏழு மணியை ஒட்டி மறையும். ஆகவே ஒன்றரை மணி நேரம் தாங்கும் எண்ணெய் ஊற்றுங்கள். பிறந்தநாள் கேக் மெழுகுவத்தி எந்த நாளுக்கும் போதாது. 2026-இல் முதல் இரவே வெள்ளி. மதியமே எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள். சனியன்று சப்பாத் முடிந்த பிறகுதான் தீ மூட்டலாம்.

5. லாட்கே

எண்ணெய்ப் பண்டிகை என்பதால் பொரித்த பலகாரம் உண்டு. லாட்கே என்பது உருளைக்கிழங்கு அடை. நான்கு உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம் துருவி, துணியில் கட்டி இறுகப் பிழியுங்கள். பிழிந்த நீரைப் பத்து நிமிடம் அசையாமல் விட்டு, மேல்நீரைக் கொட்டினால் அடியில் வெள்ளை மாவு படிந்திருக்கும். அதை வழித்துத் துருவலில் சேர்ப்பதில்தான் மொறுமொறுப்பு இருக்கிறது. ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி மைதா, உப்பு. தட்டையாகத் தட்டி, பொன்னிறமாகும் வரை இருபுறமும் பொரியுங்கள். தொட்டுக்கொள்ளப் புளித்த கிரீம் அல்லது ஆப்பிள் மசியல். சாப்பாட்டில் இறைச்சி இருந்தால் ஆப்பிள் மட்டும், பாலும் இறைச்சியும் சேரக்கூடாது.