கொலையாளியைத் தேடும் அவசரத்தில் தோழிகளைத் தவறவிடாதீர்கள்

நாலைந்து பெண்கள், நெருங்கிய தோழிகள். அவர்கள் தெருவிலோ ஊரிலோ ஒரு சாவு. ஒருத்திக்குப் புதிதாக ஒரு காதல், இன்னொருத்திக்குக் கசந்துபோன கல்யாணம், எல்லாரிடமும் ஒரு ரகசியம். 2004இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்’ இந்தக் கலவையில் பெரிய வெற்றி பெற்றது. அதற்குப் பிறகு ‘பிரிட்டி லிட்டில் லையர்ஸ்’, ‘பிக் லிட்டில் லைஸ்’, ‘டெட் டு மீ’, அயர்லாந்தில் நடக்கும் ‘பேட் சிஸ்டர்ஸ்’ என்று இந்த வகை வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு எபிசோடு பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் நாலு ஓடிவிடும்.

இவ்வளவு இழுத்துப் பிடிக்கும் தொடர்களையே பலர் பாதிதான் பார்க்கிறார்கள் என்பது என் ஆதங்கம். யார் செய்தது என்ற ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். கடைசி எபிசோடில் விடை தெரிந்ததும், “இவ்வளவுதானா?” என்று எழுந்துவிடுகிறார்கள். விடை அந்தப் பெண்களின் நட்புக்குள்ளேயே முதல் நாளிலிருந்து இருந்திருக்கும். அதைப் பார்க்க நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள். எங்கெல்லாம் இப்படி நழுவிப்போகிறது என்று சொல்கிறேன். எந்தத் தொடரின் முடிவையும் இங்கே உடைக்கப்போவதில்லை. கதையின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயங்களை மட்டும் தொடுகிறேன்.

துப்பறியும் கதையாக மட்டும் பார்ப்பது

2017இல் அமெரிக்காவின் ஹெச்பிஓ தொலைக்காட்சியில் வந்த ‘பிக் லிட்டில் லைஸ்’ முதல் சீசனை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் மான்டரே என்ற கடற்கரை ஊர். பள்ளிக்கு நிதி திரட்டும் விழா நடக்கும் இரவில் ஒருவர் இறந்துபோகிறார். கொன்றது யார் என்பதை மட்டுமல்ல, இறந்தது யார் என்பதையே கடைசிவரை மறைத்து வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஏழு எபிசோடுகள். துப்பறியும் கதைகளில் பழகிய கண் உடனே ஆயுதத்தையும் சாட்சியத்தையும் தேடத் தொடங்கும். இங்கே துப்பு அங்கெல்லாம் இல்லை. யார் யாரிடம் எதைச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பதுதான் துப்பு.

முதல் எபிசோடில் மேட்லின் நடுச்சாலையில் காலைச் சுளுக்கிக்கொள்கிறாள். ஊருக்குப் புதிதாக வந்த ஜேன் காரை நிறுத்தி உதவுகிறாள். அன்றைக்கே மேட்லின் அவளைத் தன் தோழி செலஸ்டிடம் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துகிறாள். கடலோரக் கடையில் மூவரும் காபியோடு உட்கார்ந்து பேசும் காட்சி, கதையை நகர்த்தாத வெறும் அறிமுகம் போலத்தான் தோன்றும். முடித்துவிட்டு அந்தக் காட்சிக்குத் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொருத்தியும் எந்த இடத்தில் பேச்சை மாற்றுகிறாள், எந்த இடத்தில் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வருகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும்.

அதே தொடரில் இன்னொரு பொறி இருக்கிறது. இடையிடையே மற்ற பெற்றோர்கள் போலீசிடம் பேசும் துண்டுக் காட்சிகள் வருகின்றன. அவளுக்கு இவள்மேல் பொறாமை, இவளுக்கு அவள்மேல் வன்மம், பெண்கள் ஒன்றாகச் சேர்ந்தால் இப்படித்தான் என்று ஆளாளுக்கு அடித்துவிடுகிறார்கள். பார்ப்பவர் அதைத் தகவலாக எடுத்துக்கொள்கிறார். அது ஊர்வாய். அந்தப் பெண்களுக்கு இடையில் உண்மையில் என்ன இருந்தது என்று அங்கே பேசுகிற ஒருவருக்கும் தெரியாது. நம்மைத் திசைதிருப்புவதற்கென்றே வைத்த குரல்கள் அவை. பெண்களின் நட்பு என்றாலே உள்ளுக்குள் போட்டிதான் என்று நம்பப் பழகியவர்கள் இந்தப் பொறியில் சுலபமாக விழுகிறார்கள். நம்முடைய மாலைநேர சீரியல்களில் மாமியார்–மருமகள் சண்டையையும் ஓரகத்திகளின் சதியையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

‘டெட் டு மீ’ இந்தச் சிக்கலையே வராமல் செய்துவிடுகிறது. கணவனை விபத்தில் இழந்த ஜென், துக்கத்தில் இருப்பவர்கள் கூடிப் பேசும் குழுவில் ஜூடியைச் சந்திக்கிறாள். காரால் மோதிவிட்டு நிற்காமல் போனவன் யார் என்று கண்டுபிடிப்பதே ஜென்னின் வெறி. முதல் எபிசோடு முடிவதற்குள் ஜூடியைப் பற்றி நமக்கு ஒன்று தெரிந்துவிடுகிறது; ஜென்னுக்குத் தெரிவதில்லை. அதன்பின் நம்மை உட்கார வைப்பது, இது தெரியவரும் நாளில் இந்த நட்பு பிழைக்குமா என்ற பதைப்புதான். இந்த வகையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பழகிக்கொள்ள இதைவிட நல்ல தொடர் எனக்குத் தெரியவில்லை.

காதல் காட்சி வந்ததும் தள்ளிவிடுவது

பத்து விநாடி முன்னால் தள்ளும் பொத்தான் நிறைய வேலை செய்வது காதல் காட்சிகளில்தான். சஸ்பென்ஸ் பார்க்க வந்தவருக்கு அது இடைஞ்சலாகத் தெரிகிறது. நன்றாக எழுதப்பட்ட தொடரில் அதுவும் விசாரணையின் ஒரு பகுதி.

‘டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்’ முதல் எபிசோடில் மேரி ஆலிஸ் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறாள். இறந்த அவளுடைய குரலே தொடரை நடத்திப்போகிறது. அவளுடைய துணிமணிகளை எடுத்து வைக்கும்போது நான்கு தோழிகளின் கையில் ஒரு மிரட்டல் கடிதம் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், அந்த நால்வரில் ஒருத்தியான சூசனுக்குத் தெருவில் புதிதாகக் குடிவந்த பிளம்பர் மைக்மேல் மனம் போகிறது. இதைச் சிரிப்புக்கான கிளைக்கதை என்று ஒதுக்கினால் தப்பு. அந்த ஆள் வெறும் பிளம்பர் இல்லை என்பதை அதே எபிசோடின் முடிவில் காட்டிவிடுகிறார்கள். சூசன் அவனிடம் நெருங்க நெருங்க நாமும் புதிரை நெருங்குகிறோம், அவளுக்கே தெரியாமல்.

‘பேட் சிஸ்டர்ஸ்’ முதல் சீசனில் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு மரணத்தை விசாரிக்க இரண்டு சகோதரர்கள் வருகிறார்கள். அவர்களில் இளையவருக்கும், சந்தேகத்துக்குள்ளான ஐந்து அக்கா தங்கைகளில் கடைக்குட்டிக்கும் காதல் பிறக்கிறது. அவர்கள் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு காட்சியிலும் காதலும் பயமும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அதைத் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு. எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. இசையும் அழகான வெளிச்சமும் இருந்துவிட்டால் எல்லாவற்றையும் காதல் என்று எடுத்துக்கொள்வது. ‘பிக் லிட்டில் லைஸ்’ தொடக்கத்தில் செலஸ்டும் அவள் கணவன் பெர்ரியும் ஊரே பொறாமைப்படும் ஜோடி. நாம் பார்ப்பது அடி. அடிக்குப் பிறகு மன்னிப்பு, பரிசு, அணைப்பு, மறுபடி அடி. “அவ்வளவு ஆசை, அதனால்தான் அவ்வளவு கோபம்” என்று அதை விளக்க முயல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். நிக்கோல் கிட்மன் நடித்த செலஸ்டும் மனநல ஆலோசகரிடம் முதலில் ஏறக்குறைய அப்படித்தான் பேசுகிறாள். அந்த அறையில் நடக்கும் உரையாடல்கள்தான் முழுத் தொடரின் முதுகெலும்பு. ஆலோசகர் அவளை மெல்ல மெல்ல உண்மைக்குக் கொண்டுவருகிறார். தனியாக ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, சாமான்களோடு தயாராக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நெருங்கிய தோழிகளுக்கே தெரியாமல் ஒருத்தி இதையெல்லாம் சுமந்துகொண்டிருக்கிறாள் என்பதில்தான் புதிர், காதல், நட்பு மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. அந்தக் காட்சிகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தவருக்குக் கடைசி எபிசோடு வெறும் ட்விஸ்ட். பொறுமையாகப் பார்த்தவருக்கு அது ஒரு பெரிய மூச்சு.

‘பிரிட்டி லிட்டில் லையர்ஸ்’ விஷயத்தில் தவறு தொடரின் பக்கமும் இருக்கிறது. பதினாறு வயது மாணவி ஏரியாவுக்கும் அவளுடைய ஆங்கில ஆசிரியர் எஸ்ராவுக்கும் இடையில் நடப்பதை அந்தத் தொடர் நீண்ட காலம் காதலாகவே கொண்டாடியது. வீட்டில் பதின்ம வயதுப் பெண்ணோடு உட்கார்ந்து பார்க்கிறவர்கள் அதை அப்படியே விழுங்க விடாதீர்கள். தொடரை நிறுத்த வேண்டியதில்லை. இது சரியில்லை என்று வாய்விட்டுப் பேசிவிட்டால் போதும்.

“பெண்கள் சமாச்சாரம்” என்று ஒதுக்குவது

போஸ்டரில் நாலு அழகான பெண்கள், கையில் ஒயின் கோப்பை, பின்னால் கடல். பார்த்தவுடன் லேசான பொழுதுபோக்கு என்று சிலர் தாண்டிப்போகிறார்கள். அதே காரணத்துக்காகச் சிலர் குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. இந்தத் தொடர்களில் தற்கொலை வருகிறது, குடும்ப வன்முறை வருகிறது, பாலியல் வன்முறை வருகிறது. வயது வரம்பு, உள்ளடக்க எச்சரிக்கை இரண்டையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அப்படிப்பட்ட வன்முறையைக் கடந்து வந்த ஒருவருக்குத் தொடரைச் சிபாரிசு செய்கிறீர்கள் என்றால், என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்பாய்லர் ஆகிவிடுமே என்று தயங்க வேண்டாம்.

ஒரே மூச்சில் பார்க்கக் கூடாததையும் ஒரே மூச்சில் பார்ப்பது

‘டெட் டு மீ’ முழு சீசனாக ஒரே நாளில் வெளியானது. ஒவ்வொரு எபிசோடும் அரை மணி நேரம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கொக்கி. தொடர்ந்து பார்ப்பதற்காகவே எழுதியது, தாராளமாகப் பாருங்கள். ‘பிக் லிட்டில் லைஸ்’ வாரத்துக்கு ஒன்றாக வந்தது. ஒரு எபிசோடு முடிந்த பின் யார் என்ன சொன்னார்கள் என்று அசைபோட இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள். அதை ஒரே ராத்திரியில் முடித்தால் ஐந்தாவது எபிசோடில் மனம் மரத்துவிடும். இரவுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியைப் பல தளங்களில் அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடலாம்.

ஸ்பாய்லருக்கு நாமே கதவைத் திறப்பது

ஒரு நடிகரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பெயரைத் தேடுவோம். நடிகர் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை எபிசோடுகள் என்று எண் இருக்கும். பத்து எபிசோடு உள்ள சீசனில் ஒருவருக்கு நாலு என்று போட்டிருந்தால் முடிந்தது கதை. பாத்திரத்தின் பெயரைத் தட்டத் தொடங்கினாலே தேடுபொறி மிச்சத்தைத் தானாக நிரப்பி உடைத்துவிடும். தொடர் முடியும்வரை எதையும் தேடாதீர்கள். அடுத்த சீசனின் டிரெய்லர், போஸ்டர், எபிசோடுகளின் சிறுபடங்கள் எல்லாம் இதில் அடக்கம்.

எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

புதிதாக வருபவர்கள் நேராக ‘டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்’ தொடங்கி மூச்சுத் திணறுகிறார்கள். எட்டு சீசன், 180 எபிசோடுகள். எபிசோடுக்கு நாற்பது நிமிடம் என்று வைத்தாலும் 120 மணி நேரம். முழுவதும் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேரி ஆலிஸின் புதிர் முதல் சீசனிலேயே முழுமையாக அவிழ்ந்துவிடும். அதுவரை பார்த்து நிறுத்தினாலும் நிறைவாகத்தான் இருக்கும். ‘பிரிட்டி லிட்டில் லையர்ஸ்’ அப்படி இல்லை. மிரட்டல் அனுப்பும் ‘ஏ’ யார் என்ற கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை விடை சொல்லி, ஒவ்வொரு முறையும் கேள்வியைப் புதுப்பித்துக்கொண்டே 160 எபிசோடுகள் போகிறார்கள். புதிருக்காக மட்டும் வந்தவர் வழியில் களைத்துவிடுவார். அந்தத் தோழிகளைப் பிடித்துப்போனவர்தான் கரை சேருவார்.

‘பிக் லிட்டில் லைஸ்’ முதலில் ஒரே சீசனாகத் திட்டமிட்டது. தொடருக்கு மூலமான லியான் மொரியார்ட்டியின் நாவல் அந்த ஏழு எபிசோடுகளுக்குள் முடிந்துவிடுகிறது. அந்த சீசன் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் எட்டும் வாங்கியது. 2019இல் வந்த இரண்டாம் சீசனில் புதிர் குறைவு. அந்த இரவுக்குப் பிறகு தோழிகளின் நட்பு என்ன பாடுபடுகிறது என்பதுதான் அதன் கதை. முதல் சீசனில் கொலையாளியைத் தேடி வந்தவருக்கு அது இழுவையாகத் தெரியும். மெரில் ஸ்ட்ரீப்பும் நிக்கோல் கிட்மனும் எதிரெதிரே நிற்கும் காட்சிகளுக்காகவே நான் அதைச் சிபாரிசு செய்வேன்.

‘டெட் டு மீ’ மூன்றே சீசன், முப்பது எபிசோடுகள். கடைசி சீசனின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 2021இல், ஜென்னாக நடித்த கிறிஸ்டினா ஆப்பிள்கேட்டுக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது தெரியவந்தது. இடைவெளி விட்டுத் திரும்பி வந்து முடித்துக் கொடுத்தார். 2022 நவம்பரில் வெளியானது. அந்த சீசனில் துப்புகளின் முடிச்சு முன்புபோல் இறுக்கமாக இல்லை என்பது உண்மைதான். அதைக் காரணம் காட்டி இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறவர்கள், ஆப்பிள்கேட்டும் ஜூடியாக நடித்த லிண்டா கார்டெலினியும் சேர்ந்து நடித்ததில் மிகச் சிறந்த காட்சிகளைப் பார்க்காமல் போகிறார்கள்.