மதுரையிலிருந்து அமெரிக்கா போகிறவர்களுக்கு: வாடகை வீட்டில் வயரிங், பிளக், விளக்கு பார்த்து எடுப்பது

மதுரைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். கரண்ட் என்றால் தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அமெரிக்காவில் அபார்ட்மென்ட் பார்க்கும்போது கரண்ட்டை முதலில் பாருங்கள். அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டியவை. நம் ஊர்ச் செங்கல் சுவரில் கருகி நின்றுவிடுகிற ஒரு லூஸ் கனெக்‌ஷன், அங்கே மரத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட் பாதியானால் அதே வாட்டுக்கு வயரில் ஓடும் கரண்ட் இரண்டு மடங்காகும். அங்கே வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

குடியிருக்கும் வீட்டுக்குக் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும் என்பதற்குப் பல நகராட்சிகள் பன்னாட்டுச் சொத்துப் பராமரிப்பு விதித்தொகுப்பை எடுத்தாள்கின்றன. அதன்படி, வசிக்கும் ஒவ்வொரு அறையிலும் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு பிளக் பாயிண்ட், குளியலறையில் ஒன்று, துணி துவைக்கும் இடத்தில் எர்த் உள்ள ஒன்று வேண்டும். சமையலறை, குளியலறை, கழிப்பறை, மாடிப்படி, பொது நடை ஆகியவற்றில் ஒரு நிலையான விளக்கு வேண்டும். வீட்டுக்கு வரும் சப்ளை 120/240 வோல்ட், மூன்று கம்பி, 60 ஆம்பியருக்குக் குறையக்கூடாது. பொதுப் படிக்கட்டிலும் நடையிலும் 200 சதுர அடிக்கு ஒரு 60 வாட் பழைய குண்டு பல்பு தரும் அளவு வெளிச்சம், விளக்குக்கு விளக்கு 30 அடிக்கு மேல் போகாமல், எந்நேரமும் எரிய வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது இருட்டிய பிறகு ஒருமுறை போய்ப் படிக்கட்டைப் பாருங்கள். படிக்கட்டு விளக்கையே கவனிக்காத உரிமையாளர் சுவருக்குள் இருக்கும் வயரைக் கவனித்திருப்பார் என்று நம்ப இடமில்லை.

ஹாலில் லைட்டே இல்லையே?

புதிதாகப் போகிறவர்கள் திகைத்து நிற்கும் இடம் இது. மேலூரிலோ திருநகரிலோ எந்தச் சின்ன வீட்டிலும் ஹால் நடுவில் ஃபேன், சுவரில் டியூப்லைட் இருக்கும். அமெரிக்க வீட்டில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் கூரை மொட்டையாக இருக்கலாம். அது விதிமீறல் இல்லை. மேலே சொன்ன விளக்குப் பட்டியலில் அந்த அறைகள் கிடையாது. புது வீடுகளுக்கான நேஷனல் எலக்ட்ரிகல் கோட் கூட, சுவர் ஸ்விட்சில் எரியும் விளக்குக்குப் பதில், அந்த அறைகளில் ஸ்விட்சுக்குக் கட்டுப்பட்ட ஒரு பிளக் பாயிண்ட் போதும் என்கிறது.

கதவோரம் ஒரு ஸ்விட்ச் இருக்கும், போட்டால் எதுவும் எரியாது. பழுது என்று விட்டுவிடாதீர்கள். சார்ஜரைப் போனோடு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்கிலும் மேலும் கீழுமாக உள்ள இரண்டு செருகிடங்களிலும் செருகி, ஸ்விட்சைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பிளக்கின் ஒரு பாதி மட்டும் அந்த ஸ்விட்சுக்குக் கட்டுப்படும். நிற்கும் விளக்கை வைக்க வேண்டிய இடம் அதுதான். ஃபிரிட்ஜ், ரவுட்டர் எதையும் அதில் செருகாதீர்கள். இங்கே போல ஒவ்வொரு பிளக்குக்கும் தனி ஸ்விட்ச் அங்கே கிடையாது. ஸ்விட்ச் மேலே தள்ளினால் ஆன். நம் ஊருக்கு நேர் எதிர்.

பல்பை இங்கிருந்து வாங்கிப் போகாதீர்கள். நம் பின் ஹோல்டர் பல்பு அங்குள்ள திருகு ஹோல்டரில் உட்காராது, வோல்ட்டும் வேறு. டப்பாவில் 800 லூமன் என்றிருந்தால் பழைய 60 வாட் வெளிச்சம். 2700 கெல்வின் மஞ்சளாக எரியும். டியூப்லைட் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்குப் படிக்கும் மேசையில் 5000 கெல்வின் ஒத்துவரும்.

கையெழுத்துப் போடும் முன்

ஹார்டுவேர் கடையில் மூன்று சின்ன விளக்குள்ள பிளக் டெஸ்டர் மலிவாகக் கிடைக்கும். ஜி.எஃப்.சி.ஐ. (கரண்ட் கசிந்தால் உடனே அறுத்துவிடும் பிளக்) சோதிக்கும் பட்டன் உள்ளதாக வாங்குங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பாருங்கள்; எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். எர்த் இல்லை, லைன்-நியூட்ரல் மாறியிருக்கிறது என்று காட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். பிளக் தளர்ந்து, செருகியது வழுக்கி விழுந்தால் அதுவும் பழுதுதான். லூஸான இடம் சூடாகும்.

இரண்டு ஓட்டை மட்டுமே உள்ள பிளக் பழைய வீடுகளில் இன்னும் இருக்கும். அதில் எர்த் இல்லை. மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் கடையில் கிடைத்தாலும் அதை நம்பாதீர்கள், எர்த் தானாக வந்துவிடாது. 1965 முதல் 1973 வரை கட்டிய வீடு என்றால் அலுமினிய வயரா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கால அலுமினிய இணைப்புகள் தளர்ந்து சூடாகித் தீப்பிடிக்கும் நிலைக்குப் போகும்.

குளியலறையிலும் சமையல் மேடையிலும் டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பட்டன் உள்ள பிளக்தான் ஜி.எஃப்.சி.ஐ. நம் வீட்டு மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும். ஜி.எஃப்.சி.ஐ. சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே அறுத்துவிடும். டெஸ்ட் அழுத்தினால் கரண்ட் போக வேண்டும், ரீசெட்டில் திரும்ப வேண்டும். மாதம் ஒருமுறை செய்யுங்கள். ஒரு ஜி.எஃப்.சி.ஐ. பின்னால் வரும் பல பிளக்குகளையும் காக்கும். அதனால் குளியலறை பிளக் செத்துப்போனால், இன்னொரு குளியலறையிலோ கராஜிலோ ரீசெட் பட்டன் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பேனல் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) எங்கே இருக்கிறது, பூட்டாமல் திறக்கிறதா, எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சமையலறைக் கணக்கு

15 ஆம்பியர் சர்க்யூட் (ஒரு பிரேக்கரிலிருந்து போகும் வயரும் அதிலுள்ள பிளக்குகளும்) தாங்குவது 1,800 வாட். 20 ஆம்பியர் என்றால் 2,400. இங்கே ஒரு பவர் பிளக்கே 3,600 வாட்டுக்கு மேல் தாங்கும். அங்கே 1,500 வாட் கெட்டில் ஒன்றே 12.5 ஆம்பியர் இழுக்கும். மைக்ரோவேவில் 1,000 வாட் என்று போட்டிருப்பது உணவுக்குப் போகும் சூடு; சுவரிலிருந்து அது 1,500 வாட் வரை எடுக்கும். இரண்டையும் ஒரே சர்க்யூட்டில் போட்டால் காபி கொதிக்கும் முன் பிரேக்கர் விழும். புது வீடுகளில் மேடைக்கு இரண்டு 20 ஆம்பியர் சர்க்யூட்டாவது இருக்கும். ஒரு பிரேக்கரை அணைத்து எந்தெந்த பிளக் சாகிறது என்று பார்த்து, சூடாக்கும் சாமான்களைப் பிரித்து வையுங்கள்.

விழுந்த பிரேக்கரின் பிடி நடுவில் நிற்கும். பார்த்தால் ஆனில் இருப்பது போலவே தெரியும். முழுக்க ஆஃப் பக்கம் தள்ளிவிட்டு ஆன் போட்டால்தான் பிடிக்கும். மறுபடியும் விழுந்தால் விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பப் போடாதீர்கள்.

230 வோல்ட் மிக்ஸியை, வோல்ட்டை உயர்த்தித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டலாம். 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கிரைண்டர் கதை வேறு. அதன் இண்டக்‌ஷன் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், இழுவை குறையும், உளுந்து கெட்டியானதும் திணறும். டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தகட்டில் உள்ள கிரைண்டராக வாங்குங்கள். 230 வோல்ட் அயர்ன் பாக்ஸை நேரே செருகினால் கால்வாசிச் சூடுதான் வரும். 100-240 என்று அச்சிட்ட போன், லேப்டாப் சார்ஜருக்கு பிளக் அடாப்டர் மட்டும் போதும்.

மிளகாய் வற்றல் தாளிக்கும்போது புகை அலாரம் கத்தும். எக்ஸாஸ்டைப் போட்டு ஜன்னலைத் திறங்கள். பேட்டரியைக் கழற்றவே கழற்றாதீர்கள். இடைவெளி விட்டு ஒற்றைக் கீச்சு வந்தால் பேட்டரி தீர்ந்திருக்கிறது.

நீங்களே கை வைக்கக் கூடாதவை

இங்கே வயரிங் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம். நமக்குக் கறுப்பு நியூட்ரல். அங்கே கறுப்புதான் கரண்ட் வரும் லைன், வெள்ளை நியூட்ரல். பச்சையோ உறையில்லாத செம்போ எர்த். கூரையில் ஃபேன் மாட்டவும் ஃபேனுக்கென்று மதிப்பிட்ட பாக்ஸ் வேண்டும். விளக்குக்கு வைத்த பாக்ஸ் அந்த ஆட்டத்தைத் தாங்காது. எக்ஸ்டென்ஷன் வயரைக் கதவிடுக்கு, ஜன்னல் வழியாக நிரந்தரமாக ஓட்டுவதை, முதலில் சொன்ன சொத்துப் பராமரிப்பு விதித்தொகுப்பு தடுக்கிறது. குளிருக்கு வாங்கும் 1,500 வாட் ஹீட்டரை நேரே சுவர் பிளக்கில் மட்டும் செருகுங்கள்.

பழுது இருந்தால் உரிமையாளருக்கு மின்னஞ்சலில், எந்த அறை, எந்த பிளக், டெஸ்டர் என்ன காட்டியது என்று படத்தோடு எழுதுங்கள். வாயால் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கடினம். செய்யவில்லை என்றால் நகராட்சியின் கட்டட ஆய்வுப் பிரிவுக்குப் புகார் கொடுக்கலாம். நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் 311-க்கு அழைத்தால் போதும். பிளக் தகடு சுட்டாலோ, சுவரிலிருந்து கருகல் வாடை வந்தாலோ மெயின் பிரேக்கரை அணைத்து, எல்லோரும் வெளியே வந்து 911-ஐ அழையுங்கள்.