நன்கொடை கொடுக்கும் முன்: ஒரு திறந்த மூல மென்பொருளின் வரவு செலவைப் பார்ப்பது எப்படி?

பல ஆண்டுகளாகக் காசு கொடுக்காமல் பயன்படுத்தும் ஒரு மென்பொருளின் தளத்தில் 'நன்கொடை தருக' என்ற பொத்தான் கண்ணில் படுகிறது. கொடுக்க மனம் இருக்கிறது. ஆனால் பணம் யார் கைக்குப் போகும், எதற்குச் செலவாகும் என்று தெரியாததால் பலர் அப்படியே பக்கத்தை மூடிவிடுகிறார்கள். விடை தேடுவது ஒன்றும் கஷ்டமில்லை. கணக்கியல் படித்திருக்கத் தேவையில்லை. நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு திறந்த மூல மென்பொருளை (அதாவது, மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருளை) மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்து பாருங்கள்.

படி 1: பணத்தை வாங்குவது யார்?

நன்கொடைப் பக்கத்தில், பெரும்பாலும் அடியில் சின்ன எழுத்தில், ஓர் அமைப்பின் பெயர் இருக்கும். அது மென்பொருளின் பெயராகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு வரும் பணத்தில் ஒரு பகுதியை 'சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட்' என்ற அமெரிக்க அமைப்பு வாங்கி வைத்திருக்கிறது. நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட், படம் வரையும் இங்க்ஸ்கேப் ஆகியவற்றுக்கு 'சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி' வாங்குகிறது. நிரல் எழுதுபவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடப்பார்கள். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கோ சட்டப்படியான பதிவோ இருக்காது. அதனால் இப்படி ஒரு தாய் அமைப்பு பணத்தை வாங்கி வைத்து, வரி, ஒப்பந்தம், ரசீது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அதற்காக ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது: முதலில் சொன்ன அமைப்பு 5 சதவீதம், இரண்டாவது 10 சதவீதம். நிரலாளர்களை அந்தத் தாள் வேலையிலிருந்து விடுவிப்பதற்கு இது நியாயமான கூலி என்றே நினைக்கிறேன்.

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்பதற்கு நல்ல உதாரணம் மொசில்லா. மொசில்லா அறக்கட்டளைக்கு நீங்கள் தரும் நன்கொடை ஃபயர்பாக்ஸ் உலாவியின் உருவாக்கத்துக்குப் போவதில்லை. ஃபயர்பாக்ஸை உருவாக்குவது அறக்கட்டளைக்குச் சொந்தமான தனி நிறுவனம். அதன் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளுடனான தேடல் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. நன்கொடை போவது இணைய உரிமைகளுக்கான பிரசாரம், ஆய்வு போன்ற அறக்கட்டளைப் பணிகளுக்கு. அவையும் நல்ல பணிகள்தான். ஆனால் உலாவிக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுத்தால் அது நடக்காது. அதே குடும்பத்தைச் சேர்ந்த தண்டர்பேர்டுக்குத் தரும் பணமோ நேராக அந்த மின்னஞ்சல் செயலியின் வேலைக்குப் போகிறது. இரண்டு பொத்தான்களும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

படி 2: வேறு எங்கிருந்தெல்லாம் பணம் வருகிறது?

உங்கள் பணம் எவ்வளவு தேவைப்படுகிறது என்று இதில்தான் தெரியும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் பெரும்பகுதியை எழுதுபவர்கள் நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். லினக்ஸ் அறக்கட்டளைக்கும் பெரிய நிறுவனங்களின் உறுப்பினர் கட்டணம் வருகிறது. அங்கே தனிநபர் நன்கொடை பெரிய வித்தியாசத்தை உண்டாக்காது.

முப்பரிமாணப் படம் உருவாக்கும் பிளெண்டரின் கதை வேறு. 2002இல் அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, மூல நிரலை விடுவிக்க 1 லட்சம் யூரோ தேவைப்பட்டது. பயனர்கள் ஏழே வாரத்தில் அதைத் திரட்டிக் கொடுத்தார்கள். இன்று அதன் வளர்ச்சி நிதிக்குத் தனிநபர்களும் கொடுக்கிறார்கள், நிறுவனங்களும் கொடுக்கின்றன. 2019இல் விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸ் மட்டும் 12 லட்சம் டாலர் அறிவித்தது. சில திட்டங்களுக்கு அரசு மானியமும் உண்டு: ஜெர்மனியின் 'சாவரின் டெக் ஃபண்ட்' 2023இல், லினக்ஸில் திரை முகப்பைத் தரும் க்னோமுக்கு 10 லட்சம் யூரோ ஒதுக்கியது.

நிறுவனங்கள் ஒரு நிரலைப் பயன்படுத்துகின்றன என்பதற்காக அவை பணமும் தரும் என்று எண்ணிவிட வேண்டாம். 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே வந்தது. உலகெங்கும் எண்ணற்ற தளங்களின் பாதுகாப்பு அந்த நிரலை நம்பி இருந்தது. அதற்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்ததோ ஆண்டுக்குச் சுமார் 2000 டாலர். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை வழியாக ஒரு பொது நிதியைத் தொடங்கின. இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடக்கும் நிரல்களுக்குத்தான் நம் பணம் மிக அதிகமாகப் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

படி 3: கணக்கைக் கண்டுபிடியுங்கள்

முதலில் திட்டத்தின் தளத்தில் 'ஆண்டறிக்கை' அல்லது 'நிதி அறிக்கை' என்று தேடுங்கள். பிளெண்டர், தண்டர்பேர்டு இரண்டும் வெளியிடுகின்றன. திட்டம், குழுக்கள் பணம் திரட்டும் ஓப்பன் கலெக்டிவ் தளத்தில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். வந்த ஒவ்வொரு தொகையும், போன ஒவ்வொரு தொகையும், எதற்காகப் போனது என்பதும் வரிவரியாக அங்கே திறந்தே கிடக்கும். அமெரிக்காவில் பதிவான லாப நோக்கற்ற அமைப்பு என்றால் பெரும்பாலும் ஆண்டுதோறும் 'படிவம் 990' தாக்கல் செய்ய வேண்டும். அதில் முக்கிய நிர்வாகிகளின் சம்பளம்கூட இருக்கும். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் அந்தப் படிவங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

தனி ஒருவர் கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் அல்லது லிபரபே போன்ற நன்கொடைத் தளம் வழியாக வாங்குகிறார் என்றால் கணக்கு எதுவும் இருக்காது. அவருடைய உழைப்புக்கு நீங்கள் தரும் ஊதியம் அது. வெளியீடுகள் தொடர்ந்து வருகின்றனவா, வழு (பிழை) அறிக்கைகளுக்குப் பதில் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 4: செலவுப் பக்கத்தைப் படியுங்கள்

அவசரப்பட வேண்டாத படி இது. முதலில் கண்ணில் படுவது சம்பளமாக இருக்கும். தண்டர்பேர்டு 2022இல் 64 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை பெற்றது. அதன் செலவில் பெரும்பங்கு ஊழியர்களுக்கே போனது. 'நன்கொடையை எல்லாம் சம்பளமாக எடுத்துக்கொள்கிறார்களே' என்று சிலர் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். மென்பொருளுக்கு மூலப்பொருள் மனிதர்களின் நேரம் மட்டுமே. வழுவைத் திருத்துவது, பாதுகாப்பு ஓட்டையை அடைப்பது, பிறர் அனுப்பும் நிரலைப் பொறுமையாகச் சரிபார்ப்பது எல்லாமே ஒருவர் தம் நாளைச் செலவிட்டுச் செய்யும் வேலைகள். சம்பளம் அதிகமாக இருக்கும் அறிக்கையைப் பார்த்தால் எனக்கு நிம்மதிதான் வருகிறது.

எல்லாரும் இதை ஏற்றுக்கொள்வதில்லை என்பதும் உண்மை. 2006இல் டெபியனின் வெளியீட்டுப் பொறுப்பாளர்கள் இருவருக்கு மட்டும் ஊதியம் தர ஒரு முயற்சி நடந்தபோது, இலவசமாக உழைத்துக்கொண்டிருந்த மற்றவர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு கிளம்பியது. டெபியன் இன்றும் பொதுவாகப் பணத்தைக் கணினிகளுக்கும், தன்னார்வலர்கள் நேரில் கூடும் சந்திப்புகளின் பயணச் செலவுக்கும் பயன்படுத்துகிறது. ஆக, பயணச் செலவைப் பார்த்ததும் ஊதாரித்தனம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து சர்வர் செலவு. பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் சாதாரண நிரல் நூலகத்துக்கு இது சொற்பமாக இருக்கும். ஆனால் சேவையாக இயங்கும் மென்பொருளுக்கு மலைக்க வைக்கும். சிக்னல் என்ற செய்திச் செயலி 2023 நவம்பரில் தன் செலவுகளை வெளியிட்டது. பதிவு செய்யும்போது வரும் சரிபார்ப்புக் குறுஞ்செய்திகளுக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டாலர்! அந்தச் செலவு ஒன்று இருப்பதே அதுவரை பலருக்குத் தோன்றியிருக்காது.

மீதி சட்ட ஆலோசனை, தணிக்கை, பணப் பரிமாற்றக் கட்டணம் என்று இருக்கும். சந்தேகப்பட வேண்டியது, எதற்கென்று விளக்கம் இல்லாத பெரிய தொகைகளையும், பல ஆண்டுகளாக அறிக்கையே வராத அமைப்புகளையும்.

படி 5: கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்?

கையிருப்பை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். ஓராண்டுக்குக் கையிருப்பு இருப்பது பேராசை இல்லை. ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் அமைப்புக்கு அது அவசியம். ஆனால் பல ஆண்டுகளுக்குப் போதுமான பணம் செலவாகாமல் கிடந்தால், வேறு திட்டத்துக்குக் கொடுப்பதே மேல். எதிர்ப்பக்கமும் உண்டு: கோடிக்கணக்கானோர் மறைமுகமாகப் பயன்படுத்தும், ஜாவாஸ்கிரிப்ட் நிரலை மாற்றித் தரும் பேபல் என்ற கருவி, பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று 2021 மே மாதம் வெளிப்படையாக அறிவித்துப் பராமரிப்பாளர்களின் ஊதியத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

படி 6: சரி, இனி கொடுக்கலாம்

முடிந்தால் மாதாமாதம் ஒரு சிறு தொகையாகக் கொடுங்கள். ஒருமுறை வரும் பெரிய தொகையை நம்பி ஒருவரை வேலைக்கு எடுக்க முடியாது. நிலையாக வரும் சிறு தொகைகளை நம்பி எடுக்க முடியும். ரொம்பச் சின்னத் தொகை என்றால் அட்டைக் கட்டணமே ஒரு பகுதியைத் தின்றுவிடும். அப்போது ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்துக் கொடுப்பது நல்லது. கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் தனிநபர்கள் தரும் பணத்திலும், லிபரபே எல்லாப் பணத்திலும் தனக்கென்று பங்கு எடுப்பதில்லை.

'இந்த வசதியைச் சேர்க்கத்தான் இந்தப் பணம்' என்று நிபந்தனை போட வேண்டாம். எது அவசரம் என்று பராமரிப்பவருக்குத் தெரியும். உங்கள் மென்பொருள் நன்கொடையே வாங்குவதில்லை என்றால், அது எந்தெந்த நிரல் நூலகங்களைச் சார்ந்திருக்கிறது என்று அதன் மூல நிரல் இருக்கும் களஞ்சியத்தில் பாருங்கள். அவற்றில் ஒன்றாவது தனி ஒருவரின் தோளில் நின்றுகொண்டிருக்கும், அங்கே கொடுக்கலாம். அப்புறம், அடுத்த ஆண்டறிக்கை வரும்போது படி 4ஐ மட்டும் மறுபடி செய்து, தொடர்ந்து கொடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.