செமஸ்டர் முடிந்ததும் பகுதி நான்கு, ஐந்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்

ஒவ்வொரு செமஸ்டர் தேர்வும் முடிந்த வாரத்திலேயே, மேஜர் அல்லாத பாடங்களில் நீங்களே செய்த வேலையைப் பாடத்துக்கு ஒரு வரியாக போனில் எழுதி, அசைன்மென்டையும் போட்டோ எடுத்து அதே இடத்தில் போட்டு வையுங்கள்.

நம் கலை அறிவியல் கல்லூரிப் பாடத்திட்டத்தில் பகுதி நான்கில் வரும் சுற்றுச்சூழல் கல்வி, ஐந்தில் வரும் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) எல்லாம் பாஸானால் போதும் என்றே போய்விடும். ஆனால் இன்டர்வியூவில் "குழுவாக என்ன செய்தீர்கள், சிக்கல் வந்தபோது எப்படிச் சமாளித்தீர்கள்" என்று கேட்கும்போது கைகொடுப்பது பெரும்பாலும் இவைதான். என்எஸ்எஸ்ஸில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம், அதுபோக ஏழு நாள் முகாம். அங்கே அறுபது பேருக்குச் சாப்பாட்டுக் கணக்குப் பார்த்திருந்தால் அதைத் தொகையோடு எழுதுங்கள், ரெஸ்யூமில் "தலைமைப் பண்பு உண்டு" என்று மொட்டையாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். மூன்றாம் வருடக் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் இந்த எண்கள் ஒன்றும் ஞாபகத்தில் இருக்காது, அதனால்தான் அந்த வாரமே.

குரூப் 4 மாதிரி நேர்முகத் தேர்வே இல்லாத வேலைகளுக்கு இது உதவாது. அப்புறம், நெட்டில் இருந்து காப்பியடித்த அசைன்மென்டை இதில் சேர்க்காதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.