வாயால சொன்ன எக்ஸ்ட்ரா வேலைக்கு காசு வராது: புதுசா காண்ட்ராக்ட் எடுக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியா காண்ட்ராக்ட் எடுத்து ஒரு வருசம்கூட ஆகாத பையன் ஒருத்தன் போன் பண்ணான். "அண்ணே, இன்ஜினியர் சொன்னாருன்னு செஞ்சேன், இப்ப பில்ல வெட்டிட்டாங்க". எழுத்துல குடுத்தாராடான்னா, நேர்லதாண்ணே சொன்னாருங்கறான். அப்படியே பழைய நான். ஹெல்மெட் போடு, படிச்சிட்டு கையெழுத்து போடுன்னெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும்.

வாய் வார்த்தைய நம்பி வேலை செய்யறது

இத நெனச்சா எனக்கு இன்னும் எரியுது. ஸ்லாப்ல கம்பி கட்டி முடிச்சு மறுநாள் கான்கிரீட்னு நிக்கறோம், கன்சல்டன்ட் ஆள் வந்து பாத்ரூம் சன்கன் (பைப்புக்காக தளத்த இறக்கிப் போடற பகுதி) இன்னும் ஆறு இஞ்ச் இறங்கணும்னாரு. சரி சார்னு ராத்திரியே சென்ட்ரிங்க பிரிச்சு, கம்பிய வெட்டி திரும்பக் கட்டி மூணு நாள் போச்சு. பில் போட்டா "எந்த ஆர்டர் மேல செஞ்சீங்க?"ன்னு கேக்கறாங்க, சொன்ன ஆள் அதுக்குள்ள வேற சைட்டுக்குப் போயிட்டாரு. காசும் வரல, அந்த மூணு நாள் லேட்டுக்கு எல்டி, அதாவது தாமதத்துக்கான பிடித்தம், வேற போட்டாங்க.

அவர் எழுதித் தரலன்னா நீங்க எழுதணும், அவ்ளோதான். பல நாட்டுல பெரிய வேலைங்களுக்குப் போடற ஃபிடிக் காண்ட்ராக்ட்ல, அதோட 1999 பதிப்பு ரெட் புக்ல 3.3வது பிரிவுல இதுக்கு வழியே இருக்கு: வாயால சொன்னத 2 வேலை நாளுக்குள்ள நீங்க எழுதி அனுப்பி, அது கெடைச்ச 2 வேலை நாளுக்குள்ள இன்ஜினியர் எழுத்துல மறுக்கலன்னா, உங்க லெட்டரே எழுத்து உத்தரவாயிடும். உங்க அக்ரிமென்ட்ல அப்படி ஒரு வரி இல்லன்னாலும் அனுப்புங்க. யார் சொன்னாரு, எப்ப, எந்த டிராயிங், காசும் நாளும் கூடும்னு நாலு வரி போதும், கூடவே பிரிக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ. சார் தப்பா நெனப்பாரோன்னு நான் கூச்சப்பட்டேன் பாருங்க, அந்தக் கூச்சத்துக்குத்தான் அவ்ளோ காசு.

இன்னொன்னு, கடைசி பில்லுல பாத்துக்கலாம்னு விடாதீங்க. அதே ஃபிடிக்ல 20.1 படி, விஷயம் தெரிஞ்ச 28 நாளுக்குள்ள கிளெய்ம் நோட்டீஸ் (கூடுதல் காசோ நாளோ கேக்கறேன்னு எழுத்துல சொல்றது) குடுக்கலன்னா, காசும் கிடையாது நாளும் கிடையாது. அந்தப் பையனோட அக்ரிமென்ட்லயும் 28 நாள்தான் போட்டிருந்தது, எண்ணிப் பாத்தா 31 நாள் ஆயிடுச்சு.

"அது சப்-காண்ட்ராக்டர் தப்பு சார்"

ஓனர்கிட்ட எடுபடாது. அவன் போட்ட ஒயரிங் எரிஞ்சாலும் முதல்ல பதில் சொல்ல வேண்டியது நீங்கதான், அப்புறமா அவன்கிட்ட வசூல் பண்றது உங்க பாடு, அதுக்கும் அவன்கூட ஒரு அக்ரிமென்ட் இருந்தாத்தான் உண்டு.

காட்டாம மூடறது

கம்பி, வாட்டர்ப்ரூஃபிங், பூமிக்குள்ள போற பைப்பு எதுவா இருந்தாலும் செக்கிங்குக்கு எழுத்துல கூப்புட்டுட்டு மூடுங்க. கூப்புடாம மூடிட்டா, உடைச்சுக் காட்டுன்னு சொல்வாங்க, செலவு உங்களுது.

சாவி குடுத்தாச்சே

வேலை முடியல. டிஃபெக்ட் பீரியட், அதாவது குறை வந்தா நீங்களே சரி பண்ணித் தர வேண்டிய காலம், அன்னிக்குத்தான் ஆரம்பிக்குது.